சீரோஸ் தீவின் எர்மூப்போலி: சிறிய தீவுக்கு எதற்கு இத்தனை பெரிய மாளிகைகள்?

கிரேக்கத் தீவு என்றதும் வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் நினைவுக்கு வரும்போது, சீரோஸ் தீவின் துறைமுக நகரமான எர்மூப்போலியின் படங்களில் மட்டும் மஞ்சளும் காவியுமாக மூன்று மாடி மாளிகைகளும், ஓர் இசைநாடக அரங்கும், ஒரு நாட்டின் தலைநகரத்துக்கே பொருந்தும் அளவுக்கு நகராட்சி மண்டபமும் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இன்று அங்கே வாழ்பவர்கள் யார், அந்த ஊருக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா என்பவை உங்களுடைய மற்ற இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கான விடையே மற்ற இரண்டுக்கும் வழிகாட்டும் என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், எர்மூப்போலி தீவுக்காரர்கள் கட்டிய ஊர் அன்று. போரில் வீடிழந்து வந்த வணிகர்களும் மாலுமிகளும் 1820களில் வெறுங்கரையில் கட்டியது. பிறந்து முப்பது ஆண்டுகளுக்குள் அது கிரேக்க நாட்டின் முதன்மைத் துறைமுகமாகிவிட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்த இடத்தை இழந்தும்விட்டது. நீங்கள் படத்தில் பார்த்தவை அந்தக் குறுகிய செழிப்புக் காலத்தின் கட்டடங்கள். அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டுமளவுக்குப் பிற்காலத்தில் அந்த ஊரில் பணம் புழங்கவில்லை. அவை இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம் என்பது என் கருத்து.

ஏஜியன் கடலில் சிதறிக் கிடக்கும் சைக்ளடீஸ் தீவுகளின் நடுவே, ஏறத்தாழ 84 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வறண்ட தீவு சீரோஸ். அதன் கிழக்குக் கரையில் காற்றுக்கு ஒதுங்கிய ஆழமான விரிகுடா ஒன்று இருந்தும், இடைக்காலம் முழுவதும் அங்கே ஊர் எதுவும் உருவாகவில்லை. கடற்கொள்ளையருக்கு அஞ்சிய மக்கள் கரையை விட்டுக் குன்றின் உச்சிக்கு ஏறிச் சென்று, வீட்டுச் சுவர்களே கோட்டை மதிலாகும்படி நெருக்கிக் கட்டி வாழ்ந்தார்கள். அந்தக் குன்று ஊர்தான் ஆனோ சீரோஸ், அதாவது மேல் சீரோஸ். நான்காம் சிலுவைப் போருக்குப் பின், 13ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துப் பிரபுக்கள் இத்தீவுகளைக் கைப்பற்றியபோது, சீரோஸ் மக்களில் மிகப் பெரும்பாலானோர் கத்தோலிக்கர் ஆனார்கள். பின்னர் ஒட்டோமான் ஆட்சி வந்தபோதும் அவர்கள் தங்கள் சமயத்தை விடவில்லை. பிரெஞ்சு மன்னரின் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. கப்புச்சின் துறவிகள் 1635இலும் இயேசு சபையினர் 1744இலும் அங்கே மடங்கள் அமைத்தார்கள். சுற்றிலும் ஆர்த்தடாக்ஸ் தீவுகள், நடுவே ரோமைப் பார்க்கும் ஒரு குன்று: ‘போப்பாண்டவரின் தீவு’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

1821இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர்கள் கிளர்ந்தெழுந்தபோது சீரோஸ் அந்தப் போரில் சேரவில்லை. பிரெஞ்சுப் பாதுகாப்பை முன்னிட்டு அது நடுநிலை வகித்தது, சுல்தானுக்கு வரி கட்டுவதையும் நிறுத்தவில்லை. விடுதலைப் போராளிகளின் பார்வையில் இது துரோகம். ஆனால் அந்த ஒதுங்கல்தான் தீவின் கரையைப் பாதுகாப்பான இடமாக்கியது. 1822இல் கியோஸ் தீவில் ஒட்டோமான் படைகள் நடத்திய படுகொலையில் தப்பியவர்கள் வந்தார்கள். 1824இல் ப்ஸாராவும் காசோஸும் அழிக்கப்பட்டதும் அந்தத் தீவுகளின் கப்பலோட்டிகள் வந்து சேர்ந்தார்கள். இன்று இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னாவிலிருந்தும், இன்று ஆய்வாலிக் எனப்படும் கிடோனியேயிலிருந்தும் கூட்டம் கூட்டமாக மக்கள் கரையிறங்கினார்கள். குன்றின் மேலிருந்த கத்தோலிக்கருக்கு இந்த ஆர்த்தடாக்ஸ் அகதிகளின் வருகை உவப்பாக இருந்திருக்க முடியாது. நிலம் யாருடையது, வரி யாருக்கு என்ற பூசல்கள் இருக்கத்தான் செய்தன. ஆனாலும் கரையில் குடிசைகள் பெருகின, 1824இல் உருமாற்றத் தேவாலயம் எழுந்தது. 1826இல் அதே தேவாலயத்தில் கூடிய குடியேறிகள் தங்கள் ஊருக்குப் பெயர் சூட்டினார்கள். வணிகத்தின் தெய்வமான ஹெர்மீஸின் பெயரால் ‘ஹெர்மீஸ் நகரம்’ என்று பொருள்படும் எர்மூப்போலி என்ற பெயரை முன்மொழிந்தவர் கியோஸிலிருந்து வந்த லூக்காஸ் ராலிஸ் என்ற வணிகர். அவரே பிற்பாடு ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் நகரத்தின் மேயரானார். பிரேயஸ்தான் எர்மூப்போலியை வீழ்த்தப்போகும் துறைமுகம் என்பதை நினைத்தால், வரலாறு சில சமயம் கதாசிரியர்களைவிடக் குறும்பானது என்றே தோன்றுகிறது.

வெறுங்கையோடு வந்தவர்கள் இவ்வளவு விரைவாக எப்படிச் செழித்தார்கள் என்பது நியாயமான ஐயம். அவர்கள் இழந்தது நிலமும் வீடும். தொழிலறிவும் உறவுகளும் அவர்களோடேயே வந்தன. கியோஸ் வணிகக் குடும்பங்களுக்கு ஒடெசாவிலும் திரியெஸ்டிலும் மார்செயிலும் லண்டனிலும் உறவினர்கள் இருந்தார்கள். ஒரு தாளில் எழுதி அனுப்பும் உண்டியலுக்கு இன்னொரு துறைமுகத்தில் பணம் கொடுக்கும் நம்பிக்கை வலை அது. கியோஸ் வம்சாவளியினரான ராலி சகோதரர்களின் நிறுவனம் 1851இல் கல்கத்தாவிலேயே கிளை திறந்தது என்றால் அந்த வலையின் நீளத்தை ஊகிக்கலாம். ப்ஸாராவும் காசோஸும் தந்தவை கப்பல் கட்டும் தச்சர்களும் தேர்ந்த மாலுமிகளும். மூலதனமும் மரக்கலமும் ஒரே கரையில் சேர்ந்துவிட்டன.

சேர்ந்த இடமும் வாகான இடம். அன்றைய பாய்மரக் கப்பல் ஒரே மூச்சில் லண்டனிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள் வரை சென்று சரக்கை இறக்கித் திரும்புவது செலவும் இடரும் மிகுந்த காரியம். எந்தத் துறைமுகத்தில் எந்தச் சரக்குக்கு என்ன விலை என்பதே வாரக்கணக்கில் தாமதித்துத்தான் தெரியவரும். ஆகவே நடுவழியில் சரக்கை இறக்கி வைத்து, விலை விசாரித்து, சிறு கப்பல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடைநிலைத் துறைமுகம் ஒன்று தேவைப்பட்டது. கருங்கடலிலிருந்து வந்த கோதுமை, கிழக்கிலிருந்து வந்த பட்டும் தோலும், இங்கிலாந்தின் பருத்தித் துணி எல்லாம் எர்மூப்போலியின் கிடங்குகளில் கைமாறின. அப்படிக் கைமாறும் சரக்குக்கென்றே பவேரியப் பொறியாளர் யோஹான் எர்லாஹர் 1834இல் வடிவமைத்த பண்டகசாலைகள் இன்றும் துறைமுகத்தில் நிற்கின்றன. கொள்ளை நோய் பரவாதிருக்க, வந்திறங்குவோரைத் தனிமைப்படுத்தி வைக்கும் லசரெத்தோ கட்டடம் விரிகுடாவின் மறுகரையில் எழுந்தது. சரக்கோடு காப்பீடும் கடனும் கப்பல் கட்டும் தொழிலும் வளர்ந்தன. கிரேக்கத் தேசிய வங்கி ஏதென்ஸுக்கு வெளியே தன் முதல் கிளையை 1845இல் திறந்தது இங்கேதான். 1856இல் தொடங்கிய கிரேக்க நீராவிக் கப்பல் நிறுவனம் இவ்வூரையே தளமாகக் கொண்டது. அதன் கப்பல்களைப் பழுதுபார்க்க 1861இல் நெயோரியோ என்ற கப்பல் தளம் அமைந்தது.

செல்வத்தோடு கல்வியும் வந்தது. விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் உயர்நிலைப் பள்ளி 1833இல் எர்மூப்போலியில் திறக்கப்பட்டபோது அதன் தலைமையாசிரியராக இருந்தவர் அறிஞர் நெயோஃபித்தோஸ் வம்வாஸ். பிற்காலப் பிரதமர் எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ் பள்ளிப் படிப்பை முடித்ததும் இந்த ஊரில்தான். 1835இல் இங்கே பிறந்த திமித்ரியோஸ் விக்கெலாஸ் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டு இங்கே பிறந்த எம்மானுவேல் ரொயிதிஸ் கிரேக்க மொழியின் மிகக் கூர்மையான அங்கத எழுத்தாளரானார். சிறுவர்களாக இவ்விருவரும் சேர்ந்து ‘தேனீ’ என்ற பொருளில் ஒரு கையெழுத்து ஏடு நடத்தியிருக்கிறார்கள். அச்சகமும் செய்தித்தாளும் மலிந்திருந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வந்ததில் வியப்பில்லை.

மாளிகைகளுக்கு வருவோம். துறைமுகத்துக்கு வடக்கே, கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் பாறை மேல் கப்பல் முதலாளிகள் வீடு கட்டிய பகுதிக்கு வபோரியா என்று பெயர். நீராவிக் கப்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பளிங்குக் கைத்தாங்கிகள் மேல் நிற்கும் மாடமுகப்புகள், ஓவியம் தீட்டிய கூரைகள், அலை வந்து மோதும் அடித்தளச் சுவர்கள் என்று அவற்றின் அமைப்பே தனி. 1848இல் தொடங்கி 1870இல் முடிந்த புனித நிக்கோலாஸ் தேவாலயம் இப்பகுதியின் வாயிலில் இருக்கிறது; ஊரார் அதைப் ‘பணக்காரர்களின் நிக்கோலாஸ்’ என்பார்கள். இத்தாலியரான பியெத்ரோ சாம்போ வடிவமைத்த அப்பல்லோ அரங்கு 1864இல் ‘ரிகோலெத்தோ’ இசைநாடகத்தோடு திறந்தது. மிலானின் லா ஸ்காலா அரங்கின் சிறு நகல் என்று சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாம் எழுதுகின்றன, அது மிகை. இத்தாலிய அரங்குகள் பலவற்றின் சாயலை எடுத்துக்கொண்ட, தன்னளவில் அழகான சின்ன அரங்கு அது.

எல்லாவற்றிலும் பெரியது மியாவுலிஸ் சதுக்கத்தில் நிற்கும் நகராட்சி மண்டபம். ஏதென்ஸின் பெரிய கட்டடங்கள் பலவற்றை வடிவமைத்த எர்ன்ஸ்ட் சில்லரின் படைப்பு. இதன் கட்டுமானம் 1876இல் தொடங்கி நூற்றாண்டின் இறுதி வரை நீண்டது. ஊரின் வணிகம் சரியத் தொடங்கிய பிறகு எழுப்பப்பட்ட கட்டடம் இது என்பதைக் கவனியுங்கள். போய்க்கொண்டிருந்த செல்வம் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில், இருபதாயிரம் பேர் வாழ்ந்த ஊருக்கு இரண்டு லட்சம் பேருக்கான மண்டபத்தைக் கட்டினார்கள். அந்த அகன்ற படிக்கட்டின் அடியில் நிற்பவருக்கு அதன் அழகுக்கு முன்னால் அதன் பிடிவாதம்தான் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

சரிவுக்குக் காரணம், உயர்வுக்குக் காரணமாக இருந்த அதே ஏற்பாடுதான். பாய்மரம் இருந்தவரைக்கும் நடுவழித் துறைமுகம் தேவைப்பட்டது. நீராவிக் கப்பலும் தந்தியும் வந்ததும் ஸ்மிர்னாவின் வணிகர் மான்செஸ்டரிலிருந்து நேராகவே துணி வாங்கத் தொடங்கிவிட்டார். இடைத்தரகருக்கு வேலை இல்லை. ஏதென்ஸின் வாசலில் இருந்த பிரேயஸுக்கு இரயிலும் அரசின் ஆதரவும் கிடைத்தன. 1893இல் திறந்த கொரிந்து கால்வாய் மேற்கிலிருந்து வரும் கப்பல்களைப் பிரேயஸை நோக்கித் திருப்பியது. 1889இல் எர்மூப்போலியின் மக்கள்தொகை ஏறத்தாழ 22,000. 2011 கணக்கெடுப்பில் சீரோஸ் தீவு முழுவதிலுமே 21,507 பேர்தான்.

ஊர் உடனே சுருண்டு விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வணிகர்கள் விட்ட இடத்தில் ஆலைகள் வந்தன: நூற்பு, நெசவு, தோல் பதனிடுதல், ஈயக் குண்டு வார்ப்பு. அதனால் தொழிலாளர் வர்க்கமும் உருவானது. கப்பல் தச்சர்களும் தோல் தொழிலாளர்களும் 1879இல் நடத்திய வேலைநிறுத்தங்கள் கிரேக்கத் தொழிலாளர் வரலாற்றின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. அந்த ஏழை உலகத்திலிருந்து வந்தவர் மார்கோஸ் வம்வக்காரிஸ். 1905இல் ஆனோ சீரோஸின் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்து, சிறுவனாகவே கப்பலில் ஒளிந்து பிரேயஸுக்குப் போய், மூட்டை தூக்கி, புசூக்கி என்னும் நரம்பிசைக் கருவியைக் கற்று, ரெபெட்டிகோ என்ற நகர்ப்புற எளியோர் இசையின் தந்தை எனப் பெயர் பெற்றார். சீரோஸின் கத்தோலிக்கப் பெண்ணொருத்தியைப் பற்றி 1935இல் அவர் பதிவு செய்த ‘ஃபிராங்கோசிரியானி’ பாடலைத் தெரியாத கிரேக்கர் அநேகமாக இல்லை. தீவை விட்டுப் போனவரின் பாட்டு, தீவின் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படைகளின் பிடியில் இருந்த 1941–42 குளிர்காலம் ஊரின் மிக இருண்ட காலம். தனக்கான உணவைத் தானே விளைவிக்காத, கடல்வழி தானியத்தையே நம்பிய நகரத்துக்குக் கடல்வழி அடைபட்டபோது ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். வணிகத்துக்கென்றே பிறந்த ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்வதன் மறுபக்கம் அது. போருக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கப்பல் தளம் மட்டும் விழுந்தும் எழுந்தும் நீடித்தது. 1970களில் அதன் அன்றைய உரிமையாளரான கப்பல் முதலாளி குலாந்திரிஸ் ‘என்ஃபீல்டு 8000’ என்ற சிறிய மின்சாரக் காரைச் சீரோஸிலேயே தயாரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். நூற்றுச் சொச்சம் கார்களோடு நின்றுபோன அந்த முயற்சியின் மிச்சமாக ஒரு காரை எர்மூப்போலியின் தொழில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இன்று அங்கே யார் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கிருந்து தொடங்குகிறது. சாந்தோரினியிலும் மிக்கோனோஸிலும் அக்டோபர் முடிந்ததும் கடைகள் பூட்டப்படும். எர்மூப்போலியில் அப்படி இல்லை. சைக்ளடீஸ் தீவுகளுக்கும் தெற்கு ஏஜியன் மண்டலத்துக்கும் அதுதான் தலைநகரம். நீதிமன்றம், மருத்துவமனை, அரசு ஆவணக் காப்பகம், மண்டல அலுவலகங்கள் அங்கே இருப்பதால் பக்கத்துத் தீவுக்காரர்களுக்கு வழக்கோ சிகிச்சையோ பத்திரமோ எதுவானாலும் படகேறி இங்கே வர வேண்டியிருக்கிறது. ஏஜியன் பல்கலைக்கழகத்தின் பொருள் வடிவமைப்புத் துறை 2000இல் இங்கே தொடங்கியதிலிருந்து குளிர்காலக் காப்பிக் கடைகளை மாணவர்கள் நிரப்புகிறார்கள். 2010களின் இறுதியில் புதிய உரிமையாளரிடம் சென்ற நெயோரியோ தளத்தில் சரக்குக் கப்பல்களும் பயணக் கப்பல்களும் வரிசையாக வந்து பழுதுபார்க்கப்படுகின்றன. பளிங்குச் சதுக்கத்தில் அமர்ந்து காப்பி குடிப்பவர் காதில் சம்மட்டிச் சத்தம் விழும் ஊர் இது. அந்தச் சத்தத்தைக் குறை சொல்லும் பயணிகள் உண்டு. எனக்கோ அது ஊருக்கு உயிர் இருப்பதன் அடையாளமாகப் படுகிறது.

நீர் பெரும் சிக்கல். ஆறில்லாத தீவில் வீடுதோறும் மழைநீர்த் தொட்டி வைத்துக் காலம் தள்ளியவர்கள் இப்போது கடல்நீரை நன்னீராக்கும் நிலையங்களை நம்பியிருக்கிறார்கள். மின்சாரத்தில் நிலைமை மாறிவிட்டது. 2018இல் லாவ்ரியோவிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்து சேர்ந்தபின் சீரோஸ் நிலப்பகுதியின் மின்வலையோடு இணைந்துவிட்டது.

சமயத்தைப் பொறுத்தவரை, 1820களின் பூசல் இன்று இரண்டு குன்றுகளாக எதிரெதிரே நிற்கிறது: ஒன்றின் உச்சியில் கத்தோலிக்கரின் புனித ஜார்ஜ் பேராலயம், மற்றதன் உச்சியில் ஆர்த்தடாக்ஸ் உயிர்ப்புத் தேவாலயம். ஆனால் உயிர்ப்புப் பெருவிழாவை இரு சமயத்தாரும் ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டிப்படி ஒரே நாளில் கொண்டாடுகிறார்கள். புனித வெள்ளி இரவில், கிறிஸ்துவின் அடக்கத்தைக் குறிக்கும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களின் மலர்ப் பாடைகள் மியாவுலிஸ் சதுக்கத்தில் சந்திக்கின்றன. கத்தோலிக்கர் தங்கள் ஊர்வலத்தைத் தங்கள் பக்கத்தில் நடத்துகிறார்கள். கலப்புத் திருமணம் செய்த குடும்பங்கள் இரண்டுக்கும் போகின்றன.

தவறவிடக் கூடாத ஒன்று, துறைமுகத்துக்குப் பின்புறத் தெருவில் இருக்கும் விண்ணேற்பு அன்னை தேவாலயம். அதன் உள்ளே, கன்னி மரியாவின் துயிலைச் சித்திரிக்கும் திருவோவியம் ஒன்று நெடுங்காலம் மற்ற ஓவியங்களோடு ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ப்ஸாரா அகதிகள் கொண்டு வந்தது என்று கருதப்படும் அந்தப் பலகையில், மெழுகுவர்த்தித் தண்டின் அடியில் இருந்த கையெழுத்து 1983இல் கண்டறியப்பட்டது. ஸ்பெயினுக்குப் போய் எல் கிரேக்கோ எனப் புகழ்பெறுவதற்கு முன், கிரீட் தீவில் இளம் ஓவியராக இருந்த தொமேனிகோஸ் தியோத்தோகோபூலோஸின் கையெழுத்து அது. வீடெரிந்து ஓடியவர்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்பதற்கு இதைவிடக் கனமான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் போதுமா என்றால், போதாது. பகலில் வந்து மாலையில் திரும்பும் பயணிக்குச் சதுக்கமும் வபோரியாவும் கிடைக்கும். ஆனோ சீரோஸின் படிக்கட்டுச் சந்துகளை வெயில் தாழ்ந்த பின்தான் ஏற முடியும், அப்பல்லோ அரங்கின் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் இரவில்தான். மூன்று இரவு வைத்துக்கொள்ளுங்கள். கியோஸ் அகதிகள் கொண்டு வந்த லுக்கூமி என்ற மென்மையான சர்க்கரை மிட்டாய், அப்பளம் போன்ற இரண்டு வட்டங்களுக்கிடையே நூகா என்ற பருப்பு மிட்டாய் வைத்த ஹல்வதோப்பித்தா, சான் மிக்காலி என்ற காரமான பசும்பால் பாலாடைக்கட்டி ஆகிய மூன்றையும் அங்கேயே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்னும் வடகாற்று சுழன்றடிக்கும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் இதமானவை. பிரேயஸிலிருந்து சாதாரணக் கப்பலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், விரைவுப் படகில் அதைவிடக் குறைவு. காற்று கடுமையானால் துறைமுக அதிகாரிகள் எல்லாக் கப்பல்களையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைத் தீவில் கழிக்காமல் ஏதென்ஸில் கழிக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.